மாத்து லைட்டு

அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் டார்ச் லைட் கடைக்காரர் செய்கிற முதல் வேலை, கடை வாசலில் கைகழுவ வைத்திருக்கும் தண்ணீர் வாளியை உள்ளே தூக்கி ஒளித்துவைப்பதுதான். காரைக்குடியில் மற்றவர்கள் டார்ச் லைட்டை அமுக்கிப் பார்த்து வாங்குவார்கள். அவர் முக்கிப் பார்த்து வாங்குவார்.

“மாமா, இது வயலுக்குப் போறவுக கையில பிடிச்சுக்கிட்டுப் போற லைட்டு. தண்ணிக்குள்ள போறதுக்கா இதைச் செஞ்சான்?” என்று கடைக்காரர் கெஞ்சுவார்.

“எனக்குத் தண்ணிக்குள்ளதானய்யா சோலி” என்பார் அவர்.

அவருடைய சோலி கிணற்றில் முங்குவது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில், மூழ்கிய கப்பல்களுக்குள் இறங்கிச் சாமான் எடுக்கிற வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, 1960களில் ஊர் திரும்பியவர். வரும்போது முதுகில் கட்டிக்கொள்ளும் காற்று சிலிண்டர் இரண்டும், வாயில் கவ்விக்கொள்ளும் குழாயும், முகத்தை மூடும் கண்ணாடியும், பித்தளை உடம்போடு பெரிய தண்ணீர் விளக்கு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். சிலிண்டர் தீர்ந்தால் லாரியில் தூத்துக்குடிக்கு அனுப்பிக் காற்றடைத்து வரவழைப்பார். பம்புசெட்டின் அடிவால்வு கிணற்றுக்குள் மாட்டிக்கொண்டால் அவரைக் கூப்பிடுவார்கள். ஆனால் பெரும்பாலும் அவரைக் கூப்பிட்டது, கிணற்றில் விழுந்து இறந்தவர்களை எடுக்கத்தான்.

நான் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எழுபதுகளின் தொடக்கம். கிராமத்துத் தபாலாபீசிலிருந்து யாராவது பதறிக்கொண்டு “அந்த முங்குற ராவுத்தரைக் கூப்பிடணும்” என்றால், எங்கள் தெருவில் இருந்த மரக்கடைக்கு இணைப்புக் கொடுப்பேன். தெருவில் போன் இருந்தது அங்கே மட்டும்தான். மரக்கடைக்காரர் வாசலுக்கு வந்து ஒரு சத்தம் கொடுத்தால் எதிர்வீட்டிலிருந்து அவர் வந்துவிடுவார். அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் நானும் என் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். எங்கள் பக்கத்தில் ராவுத்தர் வீட்டாரும் நாங்களும் மாமா, மாப்பிள்ளை என்று முறைவைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் எனக்கு மாமா. அவர் மனைவி அத்தை. நான் மருமகள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

பெரிய விளக்கு ஒன்று இருந்தும் அவர் டார்ச் வாங்க அலைந்தது மாத்து லைட்டுக்காக. தண்ணீருக்கடியில் விளக்கு கெட்டுப்போனால் எடுத்து எரியவிட இன்னொரு விளக்கு வேண்டும். அதுவும் கெட்டுப்போனால்? அதற்கு இன்னொன்று. ஆக எப்போதும் மூன்று. ஒருநாள் கடைத்தெருவுக்கு நானும் அத்தையும் அவரோடு போனபோது அவர் லைட்டுப் பார்க்கிற அழகை நேரில் பார்த்தேன். கடைக்காரர் பளபளவென்று நீளமாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இது வேணாம். பெரிய லைட்டுக்கு மாத்துன்னா அது சின்னதா இருக்கணும். நெஞ்சுல கட்டியிருப்பேன். ஒரு கையில உருவணும், அதே கையில எரியவிடணும். இன்னொரு கை கயித்தைப் பிடிச்சிருக்கும்ல?”

“இந்தாங்க, சின்னது.”

“இதுல சுவிட்சு தள்ளுறது. தள்ளுற சுவிட்சுன்னா உடம்புல நீளமா ஒரு ஓட்டை போட்டிருப்பான். அந்த வழியா தண்ணி போயிரும். தலையைத் திருகுனா எரியுற மாதிரி இருக்கா?”

கடைக்காரர் பரண்மேல் ஏறி, தூசி படிந்த பெட்டியிலிருந்து யாரும் வாங்காத, குட்டையான, அசிங்கமான ஒரு லைட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைத் திருகினார், உள்ளங்கையில் ஓங்கி அடித்தார், மறுபடி திருகினார். அடித்ததில் அணையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் விரலை விட்டு, வாஷர் உட்காரும் பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அப்புறம் பேட்டரி. மூன்றுக்கும் அதை ஒரே கடையில் வாங்கவில்லை. ஒரு லைட்டுக்கு இந்தக் கடையில், இன்னொரு லைட்டுக்கு செக்காலை ரோட்டில், மூன்றாவதற்கு ஒரு மாதம் கழித்து வேறெங்காவது.

“ஒரே பெட்டியில வந்த பேட்டரின்னா ஒரே வயசு மருமகளே. ஒண்ணு தீர்ற நேரம் பாத்து எல்லாமே தீரும். அப்ப மாத்து வச்சிருந்தும் பிரயோசனமில்ல.”

வாங்கி வந்த லைட்டை அப்படியே கட்டிக்கொண்டு இறங்கிவிட மாட்டார். சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி வாஷர் போடுவார். மரைகளில் வாசலின் தடவுவார். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி மெழுகை உருக்கி விட்டு, வீட்டு முற்றத்துத் தொட்டியில் கல்லைக் கட்டி ஒருநாள் முழுக்கப் போட்டுவைப்பார். எங்கிருந்தாவது ஒரு நீர்க்குமிழி வந்துவிட்டால் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒவ்வொரு முறை கிணற்றிலிருந்து வந்ததும் பேட்டரியைக் கழற்றி, ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, துணி விரித்துக் காயவைப்பார். அத்தை ஒருமுறை அரிசிப் பானைக்குப் பின்னால் ஓடிய எலியைத் தேட அந்த மாத்து லைட்டை எடுத்துவிட்டார். அன்று முழுக்க மாமா அத்தையோடு பேசவில்லை. திட்டவில்லை, சாப்பிட்டார், கேட்டதற்குத் தலையாட்டினார். பேச்சு மட்டும் இல்லை.

மரக்கடைக்காரர்தான் எப்போதும் கரையில் நின்று இவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிப்பவர். ஒரு நாள் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிணற்றடியில் யாரோ ஒருவர், “செத்தவுகளை எடுக்க எதுக்கய்யா மூணு லைட்டு? கல்யாணமா நடக்குது உள்ளே?” என்று சிரித்தாராம். மாமா தன் நெஞ்சிலிருந்த மாத்து லைட்டைச் சரிபார்த்துக்கொண்டு இறங்கினாராம். மரக்கடைக்காரர்தான் அந்த ஆளிடம், “நீங்க ஒரு தடவை இறங்கிப் பாத்துட்டு வாங்க, அப்புறம் சொல்லுங்க” என்றிருக்கிறார்.

அவர் தைரியசாலி என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நானும்தான். ஒரு நாள் சாயங்காலம், இருட்டத் தொடங்குகிற நேரத்தில் கரண்ட் போனது. அவர்கள் வீட்டிலிருந்து தடதடவென்று சத்தம். பித்தளைப் பாத்திரம் உருளுகிற சத்தம். அப்புறம் “ஏலா! எங்க இருக்க? ஏலா!” என்று அத்தையைத் தேடி ஒரு குரல். அது மாமாவின் குரல் என்று நம்ப எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூடத்துத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கைப் பார்த்ததும் கையை விட்டார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், “பல்லி ஒண்ணு மேல விழுந்திருச்சு” என்றார்.

மறுநாள் அத்தை என்னிடம் சொன்னார். “அவருக்குச் சின்னப் புள்ளையிலிருந்தே இருட்டுன்னா ஆகாதுன்னு எம் மாமியா சொல்லுவாகடி. தலைமாட்டுல வெளக்கு எரியாட்டி தூங்க மாட்டாரு. சிங்கப்பூருலயும் இப்படித்தான்னு கூட இருந்தவுக சொன்னாக. வெளிய சொல்லிறாத.”

“அப்புறம் எப்படி அத்தை கெணத்துக்குள்ள போறாக?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். நமக்குச் சாப்பாட்டுக்கு இருக்கு. போவாதீகன்னு கையைப் பிடிச்சு இழுத்திருக்கேன். கேக்க மாட்டாரு. ஆளு வந்து நின்னதும் லைட்டைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவாரு. போற வழியெல்லாம் கை நடுங்குமாம். மரக்கடைக்காரரு சொல்லுவாரு.”

ஏன் போனார் என்பதை அடுத்த தெருவில் நடந்த ஒரு சாவில் தெரிந்துகொண்டேன். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, தண்ணீர் இறைக்கையில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள். சுற்றிலும் அழுகை. பாதாளக்கரண்டியை ஒருவர் கொண்டுவந்து வைத்திருந்தார். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க, கயிற்றில் கட்டி விடுவோமே, பல கொக்கிகள் உள்ள இரும்பு, அதுதான். மாமா வந்தார். அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார். இறங்கினார். நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். அந்த அம்மாளைத் தோளில் சாய்த்தபடி, தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருவதுபோல் வந்தார். சேலை தோளோடு போர்த்தி இடுப்பில் செருகியிருந்தது. கூந்தல் முடிந்திருந்தது. கரையில் நூறு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவருக்கும் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பிறகு வீட்டில் லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். “உள்ளேயே வச்சா மாமா சரிபண்ணுனீக?”

“மேல வந்து பண்ண முடியுமா? அத்தனை பேரு நிக்கிறாகல்ல?” என்றார். கொஞ்ச நேரம் ஸ்பிரிங்கைத் தேய்த்தார். “கரண்டி போட்டாலும் ஆளு வந்துரும் மருமகளே. ஆனா கொக்கி எங்க மாட்டும்னு அதுக்குத் தெரியாது. கண்ணுல மாட்டும், கன்னத்துல மாட்டும். பெத்தவுக பாப்பாக. தடவி எடுக்குறவுக இருக்காக, காலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துருவாக. நம்ம முங்குறது லைட்டோட. பாத்து எடுக்கலாம்ல?”

இவ்வளவுதான் சொன்னார். பயத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை.

எப்போது மாறத் தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர் முதலில் பேட்டரியைக் குறை சொல்லத் தொடங்கினார். “இப்ப வர்ற பேட்டரியெல்லாம் ஒண்ணுக்கும் ஆகல. உள்ளே போனதும் மங்கிருது.” கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். அப்புறம் பல்பு. அப்புறம் வெளிச்சத்தைக் குவிக்கிற உள்கிண்ணத்தில் பூச்சு போய்விட்டது என்று சாம்பல் தொட்டுத் தொட்டு மெருகேற்றினார். ஒருநாள் கடைக்காரரோடு பெரிய சண்டையே வந்துவிட்டது. “பழைய சரக்கைத் தள்ளிவிடுறீரு” என்று மாமா கத்த, கடைக்காரர் கடைக்குள் கையை நீட்டி லைட்டை எரியவிட்டுக் காட்டி, “இதுக்கு மேல எரியணும்னா சூரியனைத்தான் கொண்டாரணும்” என்று பதிலுக்குக் கத்தினார். மாமா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

இதற்கிடையே அவர் வாசற்படியில் முட்டிக்கொண்டார். பொழுது சாய்ந்து பள்ளிவாசலிலிருந்து வருகையில் தெருவில் படுத்திருந்த மாட்டின் மேல் விழுந்தார். சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. படி தேய்ந்துவிட்டது. மாட்டை எவனோ கட்டாமல் விட்டுவிட்டான். செம்பை அத்தை தள்ளி வைத்துவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். சாமான் அறையின் கதவையும் ஜன்னலையும் சாத்தினார். உள்ளே கும்மிருட்டு. மூன்று லைட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்துக் காட்டினார்.

“பாரு. மங்கலா இருக்குல்ல? சும்மா சொல்லாத, உள்ளதைச் சொல்லு.”

சுவரில் வட்டமாக விழுந்த வெளிச்சத்தில் சுண்ணாம்பின் வெடிப்புகூடத் தெரிந்தது. மூலையில் ஓடிய எறும்பு வரிசை தெரிந்தது. அந்த வெளிச்சம் பட்டு அவர் முகமே எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த முகம் சுவரை இடுக்கி இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கப்போனேன். எங்களோடு உள்ளே வந்து என் பின்னால் நின்ற அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். வேண்டாம் என்று தலையசைத்தார். அத்தைக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

“வாஷரு மாத்திப் பாருங்க மாமா” என்றேன்.

“அதான் நானும் நினைச்சேன்” என்றார்.

அடுத்த மாதம் லீவில் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். நேமத்தான்பட்டியைத் தாண்டி உள்ளே போக வேண்டும். எங்கள் கொல்லைக்கு அடுத்த கொல்லைக் கிணற்றில், என் சித்தப்பா முறை ஆகிறவரின் மகன் குதித்துக் குளிக்கையில் பாறையில் தலை மோதி உள்ளே போய்விட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா தபாலாபீசுக்கு ஓடினார். பிற்பகலில் மாமாவும் மரக்கடைக்காரரும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். என்னைப் பார்த்ததும் மாமா, “உங்க ஊரா மருமகளே?” என்று மட்டும் கேட்டார். சித்தப்பாவின் தோளைத் தொட்டு, “நான் பாத்துக்கிறேன் மாப்ளே, நீங்க அங்குட்டுப் போயி உக்காருங்க” என்றார்.

பாறையை வெட்டி இறக்கிய ஆழமான கிணறு. தண்ணீர் தெளிவாக இருந்தது. அவர் இறங்கினார். பெரிய விளக்கின் வெளிச்சம் பச்சையாக, வட்டமாகக் கீழே போவதைக் கரையிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே போய் அது நின்றது. இங்கும் அங்கும் அசைந்தது. சிறிது நேரத்தில் பக்கத்தில் இன்னொரு வெளிச்சம் எரிந்தது. பையனைக் கண்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் மூன்றாவதும் எரிந்தது. மூன்றும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. சுவரைத் தடவுவதுபோல் ஒரு பக்கமாகவே போய்விட்டுத் திரும்பி வந்தன. எங்களுக்கு மேலிருந்தே பையனின் வெள்ளைத் துண்டு தெரிந்தது. விளக்குகள் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளித்தான். ஓரத்தில் நின்ற ஒருவர், “அந்தா இருக்கு, அந்தா, கைக்கெட்டுற தூரந்தான்” என்று கத்தினார். கத்தி என்ன ஆகும்? தண்ணீருக்குள் கேட்குமா?

கயிறு படபடவென்று இழுபட்டது. மரக்கடைக்காரர் அவசர அவசரமாக மேலே இழுத்தார். மாமா படியைப் பிடித்து ஏறி, வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டுப் பெரிதாக மூச்சு வாங்கினார்.

“மூணும் அணைஞ்சு போச்சு மாப்ளே” என்றார். “ஒண்ணுபோல மூணும் அணைஞ்சு போச்சு.”

கையில் பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சில் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெயிலில் அவருக்கு அது தெரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

மரக்கடைக்காரர் குனிந்தார். துண்டால் மாமாவின் நெஞ்சைத் துடைப்பதுபோல் முதல் லைட்டைத் திருகி அணைத்தார். அடுத்ததை அணைத்தார். கையிலிருந்த பெரிய விளக்கை வாங்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அதையும் அணைத்தார்.

“ஆமா மாப்ளே. அணைஞ்சுதான் போச்சு” என்றார்.

அன்று பாதாளக்கரண்டி போட்டுத்தான் எடுத்தார்கள். அது நடந்துகொண்டிருந்த நேரமெல்லாம் மாமா ஒரு வேப்பமரத்தடியில் கிணற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். சித்தி கூவி அழுத சத்தம் கேட்டபோது அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

நான் காரைக்குடி திரும்பியபோது அவர் முற்றத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். மூன்று லைட்டுகளும் பிரித்துப் போடப்பட்டிருந்தன. வாஷர், ஸ்பிரிங், பல்பு, கண்ணாடி, பேட்டரி எல்லாம் தனித்தனியாக. ஒவ்வொன்றையும் எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“வா மருமகளே. இதைக் கேளு. தண்ணி போயிருக்கான்னு பாத்தேன். மூணுலயும் உள்ளே ஒரு பொட்டு ஈரமில்ல. பல்பு கம்பி அறுந்திருக்கான்னு ஆட்டிப் பாத்தேன். அறுகல. பேட்டரியை மரக்கடை லைட்டுல போட்டுப் பாத்தோம். எரியுதுன்னு அவரே சொல்லிட்டாரு. ஸ்பிரிங்குல பச்சை இல்ல. மூணுலயும் குத்தமில்ல.”

அத்தை அடுப்படி வாசலில் நின்றார்.

“ஒண்ணு கெடும். ரெண்டு கெடும். குத்தமே இல்லாம மூணும் ஒரே நேரத்துல எப்படி அணையும்?” என்றார். ஒரு பல்பை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார். “அணையல. அப்படித்தான?”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குப் போகவும் இடமில்லை. “ஆமா மாமா” என்றேன்.

“எல்லாரும் பாத்துக்கிட்டா இருந்தாக?”

“ஆமா மாமா.”

தலையை ஆட்டினார். எல்லாவற்றையும் மறுபடி பூட்டத் தொடங்கினார். ஒரு வாஷரைக்கூட மாற்றிப் போடவில்லை. வழக்கம்போல் வாசலின் தடவினார்.

மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினார்கள். மரக்கடைக்காரரும் அத்தையும் கூடப் போனார்கள். கண்ணுக்குப் பின்னால் நரம்புப் படலம் காய்ந்து வருகிறது, இருட்டில் தெரியாமல் ஆரம்பித்துச் சுற்றுவட்டத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், இதற்கு மருந்து இல்லை, ஆபரேஷனும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். “ஒரு கண்ணாச்சும் தப்பிக்குமா?” என்று அத்தை கேட்டிருக்கிறார். இரண்டும் ஒரே மாதிரிதான் போய்க்கொண்டிருக்கிறது என்றாராம் டாக்டர்.

பஸ்ஸில் வரும்போது மாமா பேசிய ஒரே பேச்சு, “ஒரே பெட்டியில வந்த பேட்டரி” என்பதுதானாம். மரக்கடைக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

அதற்குப் பிறகும் அவரைத் தேடி அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. ஒரு ஆள் முங்குவதை நிறுத்திவிட்டார் என்பது கிராமங்களுக்குப் போய்ச் சேர நாளாகும். அத்தை என்னிடம் கேட்டுக்கொண்டபடி, மரக்கடைக்கு இணைப்புக் கொடுக்காமல், “அவுகளுக்கு ஒடம்பு சரியில்லைங்க, தீயணைப்புக்குத் தரட்டுமா?” என்று நானே சொல்லிவிடுவேன். சிலர் சரி என்பார்கள். சிலர் அழுவார்கள். சிலர் கோபப்படுவார்கள். அழைப்பு வந்ததை நான் அவரிடம் சொல்வதில்லை. வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும் சத்தம் கேட்டால், அடுத்த வீட்டிலிருந்து, “இன்னைக்கு ஒண்ணுமில்லையே மருமகளே?” என்று கேட்பார். “ஒண்ணுமில்ல மாமா” என்பேன். இப்படியே அந்த வருஷத்து மழைக்காலம் போனது. அதற்குள் அவருக்குப் பகலிலும் ஒருவர் கையைப் பிடித்துத்தான் தெருவில் நடக்க முடிந்தது.

ஒரு நாள் முற்பகலில் ஒரு பெரியவர் தபாலாபீஸ் போனிலிருந்து பேசினார். அவர் குரலில் பதற்றமே இல்லை.

“தாயி, அந்த முங்குற ராவுத்தருகிட்ட ஒரு வார்த்தை பேசணும்.”

“அவுகளுக்கு ஒடம்பு சரியில்லைங்கய்யா. இப்ப இறங்குறதில்ல.”

“அப்படித்தான் இங்கயும் சொல்லிக்கிறாக. இருக்கட்டும் தாயி. நானே ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”

அதற்கு மேல் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. மரக்கடைக்கு இணைப்புக் கொடுத்தேன். அங்கே ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம், மரக்கடைக்காரர் கூப்பிடுகிற சத்தம், பலகைகளுக்கு நடுவே அவரை மெதுவாக நடத்திக் கூட்டிவருகிற சத்தம் எல்லாம் கேட்டது. அந்தக் கிராமத்து லைனில் குரல் அடிக்கடி தேய்ந்துவிடும். கேட்காவிட்டால் நடுவில் நாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அதனால் நானும் லைனிலேயே இருந்தேன்.

“சொல்லுங்கய்யா” என்றார் மாமா.

“தம்பி, எம் பொஞ்சாதி கெணத்துல விழுந்துட்டா. விடியக்கருக்கல்ல தண்ணிக்குப் போனவ. ஆழக் கெணறு. பயலுக கரண்டி போடுறேங்கிறாக. நான்தான் இருங்கடான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க எடுத்தா சேலை துணியெல்லாம் சரிபண்ணிக் கொண்டாருவீகன்னு சொன்னாக.”

மாமா ரிசீவரை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

“அய்யா, எனக்குக் கண்ணு போயிருச்சு” என்றார். “லைட்டு இருக்கு. சிலிண்டரும் இருக்கு. கண்ணுதான் இல்ல.”

“கண்ணா?”

“ஆமாங்கய்யா. கண்ணு இல்லாட்டியும் இறங்கித் தடவித் தேடலாம். நான் வரலைன்னா அதுக்குக் கண்ணு மட்டும் காரணமில்ல. எனக்கு இருட்டுன்னா பயம். சின்னப் புள்ளையிலிருந்தே பயம். லைட்டை நம்பித்தான் இத்தனை நாளும் இறங்குனேன்.”

அவர் அதை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டிய மனைவியிடம்கூட அவர் வாயால் சொன்னதில்லை என்று அத்தை சொல்லியிருக்கிறார். பக்கத்தில் மரக்கடைக்காரர் நின்றிருப்பார். ஆட்கள் பலகை அடுக்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.



“அவளுக்கும் அப்படித்தான் தம்பி” என்றார் பெரியவர். “ராத்திரி வெளக்கை அமத்தவே விட மாட்டா.”

மாமாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை.

“சரி தம்பி. நான் பாத்துக்கிறேன். நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பெரியவர் ரிசீவரை வைக்கவில்லை. மாமாவும் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் யாரோ ஓடிவந்து, “அப்பா, கரண்டி வந்திருச்சு, வாங்க” என்று கூப்பிட்டார்கள். பெரியவர் “வாரேன்” என்றார். அப்போதும் வைக்கவில்லை.

கொடுத்த நேரம் முடிந்துவிட்டால் அதைச் சொல்லி இணைப்பைத் துண்டிப்பது என் வேலை. நேரம் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. இணைப்பைத் துண்டிக்க உருவ வேண்டிய பிளக்கின் மேல் என் கை இருந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அதை எடுக்கவில்லை.